ஆட்டம்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவின் கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு பெங்களூர் வந்துவிட்டேன். சண்டை போட்டுப் பிடுங்கவில்லை. ஹாலில் சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிய சாவியையும் பீரோவுக்குள் இருந்த இன்னொரு சாவியையும் எடுத்துப் பையில் போட்டேன். அப்பா ஈசிச்சேரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு 68 வயது. கோபியில் ஒரு கூட்டுறவு வங்கியில் 31 வருடம் கேஷியராக இருந்தவர். ரிட்டையர் ஆன பணத்தில் ஒரு சின்ன ஹேட்ச்பேக் வாங்கினார். 58 வயதில் டிரைவிங் ஸ்கூலில் பசங்களோடு வரிசையில் நின்று கற்றுக்கொண்டார். பத்து வருடத்தில் அந்த வண்டி 84 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. அமாவாசைக்கு அமாவாசை அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு பண்ணாரிக்குப் போவார். மற்ற நாட்களில் ஈரோட்டில் ஆஸ்பத்திரி, கவுந்தப்பாடியில் அத்தை வீடு, எங்கேயாவது ஒரு கல்யாணம், எங்கேயாவது ஒரு எழவு. கிராமத்திலிருந்து பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து வாழ்நாள் முழுக்க டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போன மனிதருக்கு அந்தக் கார் என்னவாக இருந்தது என்பதை நான் பெரிதாக யோசித்ததில்லை.

தீபாவளி முடிந்து அம்மா போனில் சொன்னாள். "உங்கப்பா முன்ன மாதிரி ஓட்டறதில்ல கண்ணு. வண்டி ரோட்டுல பாம்பாட்டம் போவுது. எனக்கு வயித்தக் கலக்குது."

பொங்கலுக்குப் போனபோது வேண்டுமென்றே முன்சீட்டில் உட்கார்ந்து சத்தி வரை அவரோடு போய் வந்தேன். அம்மா சொன்னது சரிதான். நேரான ரோட்டிலும் அப்பாவின் கைகள் ஓயவில்லை. இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே இருந்தார். ஒரு லாரி எதிரில் வந்தபோது வண்டி வெள்ளைக்கோட்டை நோக்கி லேசாகச் சாய்ந்தது. அப்பா இழுத்துப் பிடித்தார். என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

வீட்டுக்கு வந்ததும் காபி குடிக்க உட்கார்ந்தோம். டம்ளரை எடுக்கும்போது அப்பாவின் விரல்கள் நடுங்கின. காபி விளிம்பு வரை வந்து திரும்பிப் போனது. நோட்டுக்கட்டை விசிறி மாதிரி விரித்து எண்ணிய விரல்கள் அவை.

கையில் நடுக்கம், வண்டியில் அலைச்சல். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. இரவு மொட்டைமாடியில் நின்று போனில் பார்க்கின்சன் என்று தேடினேன். மறுநாள் சாவிகளை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: யூசர் எரர். அப்ளிகேஷன் வேலை செய்யவில்லை என்று யாராவது சொன்னால், கோடு எழுதியவன் மனதில் முதலில் வருவது "அந்தாளு தப்பா எதையோ அமுக்கியிருப்பான்" என்பதுதான். புதிதாக வேலைக்கு வரும் பசங்களுக்கு நான் பாடம் எடுக்கும்போது முதல் நாள் சொல்வதே அதைத்தான்: யூசரைச் சந்தேகப்படும் முன்னால் லாகைப் பாருங்கள். வகுப்பில் சொல்வது சுலபம்.

*

மார்ச்சில் ஒரு விசேஷத்துக்காக மறுபடி ஊருக்குப் போனேன். சாவி பையிலேயே இருந்தது. கவுந்தப்பாடி போய் அத்தையைக் கூட்டி வரச் சொன்னாள் அம்மா. அந்தக் காரை நானே ஓட்டி எப்படியும் இரண்டு வருடம் ஆகியிருக்கும். ஊருக்குப் போனால் அப்பா ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்ப்பேன். அதுதான் வழக்கம்.

ஊரைத் தாண்டி நேரான ரோடு வந்ததும் வண்டி தானாக இடது பக்கம் நகர்ந்தது. திருப்பினேன். முதல் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு ஸ்டீயரிங் சும்மா சுற்றியது, வண்டிக்கு அது கேட்கவே இல்லை. அப்புறம் திடீரென்று கேட்டு வலது பக்கம் அதிகமாகப் போனது. திரும்ப இடது பக்கம். ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம், அதற்கப்புறம் வண்டி போகும் திசையே ஒரு நூல் மாறியிருந்தது. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் என் கைகளைப் பார்த்தேன். இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம். பொங்கலுக்கு அப்பாவின் கைகள் செய்துகொண்டிருந்த அதே வேலை.

எனக்கு 36 வயது. கையில் ஒரு நடுக்கமும் இல்லை.

ஓரம் கட்டி, இறங்கி, முன் டயர்களைத் தடவிப் பார்த்தேன். இடது டயரின் உள்விளிம்பு வழுக்கையாகத் தேய்ந்திருந்தது. மேலே கையை ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கமாகத் தடவினால் ரம்பம். டயர் உருளாமல் பக்கவாட்டில் இழுபட்டால் இப்படித்தான் தேயும். ஒரு டயர் அரை டிகிரி திரும்பி நின்றால் போதும். ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய ஒன்பது மீட்டர் அது பக்கவாட்டில் ரோட்டைத் தேய்க்கிறது.

*

நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் எப்படித் திரும்புகிறது என்பதை எஞ்சினியரிங் இரண்டாம் வருடத்தில் படித்தேன், பரீட்சை எழுதினேன், மறந்தேன். ஸ்டீயரிங் கம்பியின் அடியில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அது பற்கள் வெட்டிய ஒரு நீளமான கம்பியை இடமும் வலமும் நகர்த்தும். அதுதான் ரேக். ரேக்கின் இரண்டு முனைகளிலிருந்தும் ஆளுக்கொரு கம்பி சக்கரத்துக்குப் போகிறது. அது டை ராடு. அந்தக் கம்பி சக்கரத்தின் நக்கிளைச் சேரும் இடத்தில் இருப்பது டை ராடு எண்ட்: ஒரு குழிக்குள் ஒரு எஃகுக் குண்டு. நம் இடுப்பு எலும்பு தொடையெலும்போடு சேர்வது போலத்தான். சக்கரம் பள்ளம் மேட்டில் மேலும் கீழும் ஆடவேண்டும், அதே நேரத்தில் இடமும் வலமும் திரும்பவேண்டும். குண்டும் குழியும் இருந்தால்தான் இரண்டும் நடக்கும்.

வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்தில் போகிறது, வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்தில் போகிறது. அதனால் இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பக்கூடாது. இதற்கு வழி கண்டுபிடித்தவர் லாங்கன்ஸ்பெர்கர் என்ற ஜெர்மானியர், குதிரை வண்டி செய்பவர். 1818-ல் இங்கிலாந்தில் அவர் சார்பாகக் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மான், லண்டனில் புத்தகமும் படமும் அச்சிட்டு விற்றவர். உலகம் இன்றைக்கும் அதை ஆக்கர்மான் ஸ்டீயரிங் என்றே சொல்கிறது. யார் கை முன்னால் தெரிகிறதோ அவர் தலையில் பெயரும் ஏறிவிடுகிறது, பழியும் ஏறிவிடுகிறது.

அந்தக் குண்டைச் சுற்றி ஒரு ரப்பர் உறை இருக்கும், உள்ளே கிரீஸ். வெயிலிலும் கல்லடியிலும் ரப்பர் ஒரு நாள் வெடிக்கும். கிரீஸ் வெளியே வரும், தண்ணீரும் புழுதியும் உள்ளே போகும். அதற்கப்புறம் குண்டும் குழியும் ஒன்றையொன்று அரைக்கத் தொடங்கும். நடுவில் ஒரு இடைவெளி விழும். மெக்கானிக்குகள் அதை 'ப்ளே' என்பார்கள், இல்லாவிட்டால் நல்ல தமிழில் 'ஆட்டம்'. ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே தெரியும். கஷ்டம் என்னவென்றால் அது ஒரு நாளில் வருவதில்லை. மாசாமாசம் ஒரு மயிரிழை. ஓட்டுகிறவரின் கை அந்த மயிரிழையை அவருக்கே தெரியாமல் ஈடுகட்டிக்கொண்டே வரும். முன்னேயெல்லாம் வண்டி நேராகப் போனது என்பதே மறந்துபோகும்.

*

அத்தையைக் கொண்டு வந்து விட்டதும் நேராக அப்பாவிடம் போனேன்.

"அப்பா, வண்டியில என்னமோ இருக்குதுங்கப்பா. கொஞ்சம் வாங்க, பாக்கலாம்."

"என்னயா கூப்படற?" என்றார். குரலில் கோபம் இல்லை. சரியாகத்தான் கேட்டாரா என்று உறுதிப்படுத்திக்கொள்வது போல இருந்தது.

பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்க இடது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்கிய ஸ்டாண்டை அடியில் கொடுத்தேன். இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை அசையாமல் பிடிக்கவேண்டும், இன்னொருவர் வெளியே சக்கரத்தை ஆட்டவேண்டும். "ஆடாமப் புடிங்கப்பா" என்று சொன்ன பிறகுதான் யாரிடம் என்ன சொல்கிறேன் என்று உறைத்தது. அப்பா இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து அவர் அந்த சீட்டில் உட்காருவது அதுதான் முதல் தடவை.

சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால், 12-லும் 6-லும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பேரிங்கையோ கீழே உள்ள பால் ஜாயிண்ட்டையோ காட்டும். ஆட்டினேன். ஆட்டம் இல்லை. 9-லும் 3-லும் பிடித்து ஆட்டினால் வருவது ஸ்டீயரிங் பக்கத்தைக் காட்டும். ஆட்டினேன். 'டக், டக்' என்றது. அப்பா உள்ளேயிருந்து "நான் ஆட்டுல" என்றார்.

"தெரியுதுங்கப்பா. வண்டிதான் ஆட்டுது."

அடுத்து வண்டியைத் தரையில் இறக்கி, அப்பாவை ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் அசைக்கச் சொல்லிவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு அந்த மூட்டின் மேல் விரலை வைத்தேன். ராடு நகர்ந்தது. நக்கிள் அசையவில்லை. ஒரு நொடி பொறுத்து 'டொக்' என்று அசைந்தது. ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண் இருந்தது. வலது பக்கத்தையும் பார்த்தேன். அங்கே ஆட்டம் கம்மி, ஆனால் ரப்பர் வெடித்திருந்தது. ரேக் பக்கத்து மூட்டுகள் இரண்டும் நன்றாக இருந்தன.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அப்பா உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். வங்கியில் கொடுக்கும் பழைய டைரி. வண்டி வாங்கிய நாளிலிருந்து எல்லாம் அதில் இருந்தது: தேதி, கிலோமீட்டர், பெட்ரோல், காற்று, ஆயில், செலவு. கேஷியர் கையெழுத்து. கடைசிப் பக்கங்களில் மட்டும் எழுத்து கொஞ்சம் அலைந்தது. போன வருடம் மட்டும் இரண்டு தடவை வீல் அலைன்மென்ட் செய்திருந்தார். மூட்டு தேய்ந்த வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது ஆடும் ஸ்டூலின் மேல் தராசை வைப்பது மாதிரி. கடையை விட்டு வெளியே வரும் வரைக்கும்தான் அது நிற்கும். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வரி இருந்தது:

"ஸ்டீயரிங் ஆட்டம். இடது பக்கம் சத்தம். தம்பியிடம் சொன்னேன். அலைன்மென்ட் பார்க்கச் சொன்னான்."

சொல்லியிருக்கிறார். எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. ஏதோ ஒரு மீட்டிங்குக்கு நடுவில் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு பதில் சொல்லியிருப்பேன். நோயைச் சரியாகச் சொன்னவர் அவர். ஆஸ்பத்திரிக்கு வழி தவறாகச் சொன்னவன் நான். அப்புறம் நானே வந்து நோயாளி என்று அவரையே தீர்மானித்திருக்கிறேன்.

"இதப் பொங்கலுக்கே காட்டியிருக்கலாமல்லங்கப்பா?"

"நீ கேக்கலியே" என்றார்.

*

ஈரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஜோடி 1,400 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலையைத் தொடங்கினோம். பட்டறையில் விட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பார்கள். ஆனால் இதை நாங்கள் இரண்டு பேருமே செய்யவேண்டும் என்று எனக்கு இருந்தது. அப்பாவும் மறுக்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

வேலை சுருக்கமாக இதுதான். சக்கரத்தைக் கழற்றவேண்டும். மரைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடவேண்டும். டை ராடையும் எண்டையும் பிடித்து நிற்கும் லாக் நட்டைக் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தவேண்டும். குண்டின் தண்டில் இருக்கும் நட்டு கோட்டைச் சுவர் மாதிரி வெட்டு வெட்டாக இருக்கும். குறுக்கே போகும் ஸ்ப்ளிட் பின்னை உருவிவிட்டு அதைக் கழற்றவேண்டும். நட்டு வந்துவிட்டது என்பதற்காக மூட்டு வந்துவிடாது. அந்தத் தண்டு கூம்பு வடிவம். பத்து வருடம் தன் துளைக்குள் இறுகிக் கிடந்தது. தண்டின் தலையில் அடித்தால் மரை நசுங்கும். துளை இருக்கும் நக்கிள் கையின் பக்கவாட்டில் சுத்தியலால் அடிக்கவேண்டும். நான்கு அடி அடித்தேன். அசையவில்லை. அப்பா சுத்தியலை வாங்கினார். கை நடுங்கியது, ஆனால் ஓங்கிய பிறகு நடுங்கவில்லை. மூன்றாவது அடியில் 'டப்' என்று விழுந்தது.

அடுத்ததுதான் முக்கியம். பழைய எண்டை டை ராடிலிருந்து திருகிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணவேண்டும். புதியதை அதே எண்ணிக்கைக்குத் திருகி ஏற்றினால்தான் சக்கரம் ஏறக்குறைய பழைய கோணத்தில் நிற்கும். என் வண்டியின் மரையில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர். ஒரு சுற்று தப்பினால் சக்கரம் அரை டிகிரிக்கும் மேல் திரும்பிவிடும்.

கழற்றி முடித்துவிட்டு "பதினேழு" என்றேன்.

"பதினெட்டு" என்றார் அப்பா.

எண்ணச் சொல்லி நான் அவரிடம் கேட்கவே இல்லை. அவர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய, வங்கிக் கவுண்டரில் எண்ணுவது போல எண்ணியிருக்கிறார். "நடுவுல உனக்கு ஸ்பானர் வழுக்குச்சு பாரு, அப்ப ஒண்ண உட்டுட்ட" என்றார். எனக்கு வழுக்கியது ஞாபகம் இருந்தது, எண்ணை விட்டது ஞாபகம் இல்லை. பதினெட்டு சுற்றே திருகினேன்.

தண்டைத் துளையில் செருகி, நட்டைப் போட்டு, டார்க் ரென்ச்சில் மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்கினேன். நட்டின் வெட்டும் தண்டின் ஓட்டையும் நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்கவேண்டும், ஒருபோதும் தளர்த்தக் கூடாது. புது ஸ்ப்ளிட் பின். வலது பக்கமும் இதே கதை. அம்மா இரண்டு தடவை மோர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் கறுப்பாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் அலைன்மென்ட் கடைக்கு மெதுவாக நான் ஓட்டிக்கொண்டு போனேன். டை ராடு எண்ட் மாற்றினால் அலைன்மென்ட் செய்தே ஆகவேண்டும், சுற்று எண்ணுவது கடை வரைக்கும் போய்ச் சேரத்தான். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டு அந்தப் பையன், "யாருங்ண்ணா மாட்டுனது? கிட்டத்தட்ட கரெக்டா இருக்குது" என்றான். நான் அப்பாவைக் காட்டினேன். அப்பா காதில் விழாதது மாதிரி சுவரில் இருந்த டயர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது சாவியை நீட்டினேன். கவுந்தப்பாடி ரோட்டில் அப்பா ஓட்டினார். நேரான ரோட்டில் அவருடைய கைகள் சும்மா இருந்தன. சும்மா என்றால், விரல்களில் நடுக்கம் இருந்தது. ஆனால் வண்டிக்கு அது கேட்கவில்லை. நடுக்கம் விரலில் இருந்தது, ஆட்டம் மூட்டில் இருந்தது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒரு சம்பந்தமும் இருந்திருக்கவில்லை.

"ஸாரிங்கப்பா" என்றேன், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

கொஞ்ச தூரம் போய்த்தான் பதில் சொன்னார். "ரெண்டு அமாவாசை பஸ்ஸுல போனேன். உங்கம்மாளுக்கு சீட் கெடைக்கல." அவ்வளவுதான். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. என்னாலும் எதுவும் சொல்ல முடியவில்லை.

*

இதை ஒரு நல்ல கதையாக முடித்துவிடலாம்: தப்பு வண்டியில், அப்பா நிரபராதி. அது முழு உண்மை இல்லை. நடுக்கம் நடுக்கம்தான். அந்த வாரமே ஈரோட்டில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். அவர் அப்பாவைக் கையை மடியில் வைக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், ஒரு டம்ளர் தண்ணீரை எடுக்கச் சொன்னார், காகிதத்தில் சுருள் வரையச் சொன்னார். பார்க்கின்சனில் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது நடுங்கும், இவருக்கு வேலை செய்யும்போதுதான் நடுங்குகிறது, இது வேறு, எசென்ஷியல் ட்ரெமர் என்றார். ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். கண்ணையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொன்னார். கண்ணில் புரை தொடங்கியிருந்தது.

டாக்டர் செய்ததும் நான் ஜாக்கி போட்டுச் செய்ததும் ஒரே வேலை. இந்தப் பக்கம் ஆட்டினால் வருகிறதா, அந்தப் பக்கம் ஆட்டினால் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது. கால் மணி நேரம்கூட ஆகாத வேலை. பொங்கலுக்கு மொட்டைமாடியில் போனும் கையுமாக நின்ற நேரத்தில் இரண்டையுமே தொடங்கியிருக்கலாம்.

அடுத்த அமாவாசைக்கு நானும் ஊரில் இருந்தேன். பண்ணாரிக்கு அப்பா ஓட்டினார். அம்மா பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். கும்பிட்டுவிட்டு, குண்டத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. மலைப்பக்கமிருந்து இறங்கும் லாரிகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

அப்பா கார் கதவு வரைக்கும் போய் நின்றார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"எதுத்தாப்புல லைட்டு வந்தா எனக்குக் கண்ணு கூசுது. ராத்திரில நான் ஓட்டறதில்லன்னு வெச்சிருக்கறேன். நீ எடு."

நான் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். அப்பா முன்சீட்டில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, முன்னால் ரோட்டைப் பார்த்தபடி, "ஸ்டீயரிங்க இறுக்கிப் புடிக்காத, இப்ப அது தானா நேராப் போவும்" என்றார்.